திவசத் தாடியும் ஓர் இன்ரவியூவும்

1

ஐம்பத்து நான்கு வயதில் எனக்குக் குளிக்கச் சொல்லித் தந்தார்கள். கனடாவின் ஸ்காபரோவில் வேலை இழந்தவர்களுக்காக அரசாங்கம் நடத்தும் நிலையம் ஒன்றில் அந்த வகுப்பு நடந்தது. நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர் தன் உடலை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய பாடம். படிப்பித்த பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். காலையில் குளியுங்கள், கமக்கட்டில் வாசனைக் கட்டி பூசுங்கள், நகம் வெட்டுங்கள், மூக்கு மயிரைக் கவனியுங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டு வந்தவள், முதல் நாள் உள்ளி, வெங்காயம், மசாலா சேர்ந்த சாப்பாட்டைத் தவிருங்கள் என்ற இடம் வந்ததும் என்னையும் எனக்குப் பக்கத்தில் இருந்த பஞ்சாபிக்காரரையும் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். அவள் பட்ட பாட்டிலேயே வகுப்பு முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

நான் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பனியின் கணக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். கம்பனியை இன்னொரு கம்பனி வாங்கியது. வாங்கியவர்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்குப் பிரிவு இருந்தது. இரண்டு வரியில் முடிகிற கதை. ஆனால் அதைச் சொல்லி முடிக்க எனக்கு இன்றுவரை வாய் வருவதில்லை.

கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே மீனை வீட்டுக்குள் பொரிப்பதில்லை. கார் விடும் கராஜில் அடுப்பு வைத்துப் பொரிக்கிறோம். வெளியே உறைகுளிர், உள்ளே காரும் இல்லை, கதவும் அரைவாசி திறந்திருக்கும். குளிர்கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நின்று அறக்குளா மீன் பொரிக்கிற மனிதனை நீங்கள் பார்த்தால் விலாசம் தவறி வந்த பேய் என்று நினைப்பீர்கள். இவ்வளவும் வேலைக்குப் போடும் கோட்டில் மணம் ஏறக் கூடாது என்பதற்காக. அப்படி வருடக் கணக்காகப் பாடுபட்ட ஒருவனுக்குத்தான் அன்று அந்தப் பிள்ளை சவர்க்காரம் பற்றிச் சொன்னது. வகுப்பு முடிந்ததும் காருக்குள் இருந்து என் கோட்டை நானே மணந்து பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை. ஆனாலும் யன்னலைத் திறந்துதான் வீட்டுக்கு ஓட்டினேன்.

2

அப்பா இறந்து ஒரு வருடம், ஆட்டைத் திவசம் வந்தது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு லீவுக்குக் குறைவில்லை. கொழும்புக்குப் புறப்பட்டேன்.

வேலை இழந்தவருக்கு அரசாங்கம் கொஞ்சக் காலம் கொடுப்பனவு தரும். நாட்டை விட்டு வெளியே போனால் அறிவிக்க வேண்டும், கொடுப்பனவும் நிற்கும். கணினியில் அறிவித்தேன். காரணம் என்ற இடத்தில் அது காட்டிய தெரிவுகளில் திவசம் இல்லை. ‘மற்றவை’ என்பதை அழுத்தினேன். இந்த நாட்டில் என்னைப் பற்றிக் கேட்கப்படும் பாதிக் கேள்விகளுக்கு நான் அதைத்தான் அழுத்தி வருகிறேன்.

வெள்ளவத்தையில் இருப்பது என் அக்கா தேவகி. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். கலியாணம் கட்டவில்லை. கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடி ஃபிளாற்றில், அப்பாவைக் கடைசிவரை பார்த்தவள் அவள்தான். நான் தொலைபேசியில் பார்த்தவன்.

வேலை போனதை அக்காவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, வெட்கம்தான். வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு எந்தக் குறையும் வரலாம். சீனி வருத்தம் வரலாம், பிறசர் வரலாம், பிள்ளை யாரையாவது கூட்டிக்கொண்டு வரலாம். வேலை இல்லாமல் மட்டும் இருக்கக் கூடாது. அக்காவிடம் சொன்னால் அவள் ஒருவருக்கும் சொல்ல மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் சொல்லவில்லை. ஆபிசில் லீவு சேர்ந்து கிடந்தது, எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று சொன்னேன். சொல்லும்போது குரலில் ஒரு அலுப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

போய் இறங்கிய அன்றே அக்கா சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

“திவசம் முடியுமட்டும் முகத்திலை கத்தி படக்கூடாது. நீதான் ஆம்பிளைப் பிள்ளை, நீதான் செய்யவேணும்.”

சரி என்றேன். சும்மா இருக்கிறவனுக்கு முகம் வழிக்காமல் இருப்பது கஷ்டமான விரதம் இல்லை. ஒரு கிழமையில் தாடி வந்தது. வந்த பிறகுதான் அது முழு வெள்ளை என்று தெரிந்தது. தலைக்கு மாதாமாதம் மையடித்து, முகத்தை நாளாந்தம் வழித்து, நானே மறந்துபோன உண்மை அது. கண்ணாடியில் என் கறுத்த தலைமயிருக்குக் கீழே வேறு யாரோ ஒரு கிழவர் நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மின்னஞ்சல் வந்தது. நான் போட்ட எத்தனையோ விண்ணப்பங்களில் ஒன்றே ஒன்றுக்குப் பதில். கணக்கு மேற்பார்வையாளர் வேலை, வீடியோவில் நேர்முகம். அவர்கள் குறித்த நாள் திவச நாள். அங்கே காலை, எங்களுக்கு விளக்கு வைத்த பிறகு.

3

மகள் ஆரணிக்குச் செய்தி போனது. அவள் ஒரு கம்பனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பகுதியில் இருக்கிறாள். அதனால் என்னைப் பொறுப்பெடுத்துக்கொண்டாள். நான் அவளுக்கு அ, ஆ படிப்பிக்கப் பட்ட பாட்டை விட, அவள் எனக்கு ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு விடை படிப்பிக்கப் பட்ட பாடு அதிகம். தமிழில் தொடங்குவாள். என் மண்டையில் ஏறவில்லை என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். பிறகு அதிலேயே நின்றுவிடுவாள்.

வாட்சப்பில் கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள். காது மயிர், புருவம், உதட்டு வெடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தாடிக்கு வந்ததும் கமராவை இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள்.

“அப்பா, தாடி ஓகே. ஆனா வைட் தாடி நோ. அவங்க ரிற்றயர்மென்ற் பற்றித்தான் யோசிப்பாங்க.”

வழிக்க முடியாது, திவசம் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு என் விபரக் கோவையைத் திறந்து, பழைய வேலைகளை எடுத்துவிட்டேன் என்று சொன்னாள். எதை என்று கேட்டேன். கொட்டாஞ்சேனைக் கப்பல் முகவர் கந்தோரை. அது மிகப் பழசு, வயசைக் காட்டிக் கொடுக்கும் என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் அது என் முதல் வேலை. அதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அப்பா.

4

அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். அப்பா புதுக்கடை நீதிமன்றத்தில் லிகிதர். எனக்கு இருபத்திரண்டு வயது. நேர்முகப் பரீட்சைக்குப் போகும் காலையில் அப்பா என்னைக் கதிரையில் இருத்தி, தன் கையாலேயே முகம் வழித்துவிட்டார். அந்த நாட்களில் தமிழ்ப் பெடியன் ஒருவன் ஒரு நாள் தாடியோடு கொழும்பில் நடந்தால் அவன் எங்கிருந்து வந்தவன், எந்த லொட்ஜ், பொலிஸ் பதிவு எங்கே என்று ஆயிரம் கேள்வி. முகத்தைப் பளபளவென்று வைத்திருந்தால் கேள்வி கொஞ்சம் குறையும். பிறகு நகம் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கழுத்துக்குள் பவுடரைக் கொட்டினார். கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேருவதற்குள் வியர்த்து, அந்தப் பவுடர் கட்டி கட்டியாகச் சட்டைக் கொலரில் ஒட்டியிருந்தது.

அப்பா நீறு பூசாமல் வாசல்படி தாண்டாத மனிதர். அன்று எனக்கும் மூன்று குறி இழுத்துத்தான் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் இருந்து இறங்கி, கந்தோருக்குப் போகிற தெருவில் திரும்பினால் முன்னால் ஆமிக்காரரின் சோதனைச் சென்றி. அப்பா என்னை ஒரு கடை ஓரமாக நிறுத்தினார். தன் லேஞ்சியை எடுத்து என் நெற்றியைத் துடைத்தார். பிறகு தன் நெற்றியையும் துடைத்தார். அவர் நெற்றியை வெறுமையாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது.

“சாமிக்கு விளங்கும். சென்றியிலை நிக்கிறவனுக்கு விளங்காது. நட.”

அவ்வளவுதான் சொன்னார். நான் உள்ளே போய் வரும்வரை வெயிலில் நின்றார். வேலை கிடைத்தது.

5

இனி தாடிக் கதைக்கு வருகிறேன். அக்காவின் சட்டத்தில் கத்தி படக்கூடாது என்றுதான் இருந்தது. மை படக்கூடாது என்று இல்லை. புதுக்கடை நீதிமன்ற லிகிதரின் மகன் அல்லவா, சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டேன். திவசத்துக்கு முதல் நாள் காலி வீதி மருந்துக்கடை ஒன்றில் மை வாங்கினேன். கடைக்காரத் தம்பியிடம், முப்பது வருடம் பேசாமல் பழுதாய்ப்போன என் சிங்களத்தில் கேட்டேன். அவன் நல்ல தமிழில், தலைக்கோ மீசைக்கோ என்று திருப்பிக் கேட்டான். தாடிக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலைக்கு என்று சொன்னேன். அவன் பெரிய பைக்கற்றைத் தந்தான்.

குளியலறையைப் பூட்டிக்கொண்டு, பழைய பல்துலக்கியால் தாடி முழுக்கப் பூசினேன். பைக்கற்றில் மூன்று மொழியில் எழுதியிருந்ததை ஒரு மொழியிலும் வாசிக்கவில்லை. தலைக்கு எவ்வளவு நேரம் விடுவேனோ அவ்வளவு நேரம் விட்டேன். கழுவிப் பார்த்தபோது தாடி கறுத்திருந்தது. தாடிக்குக் கீழே தோலும் கறுத்திருந்தது. காதடியில் இருந்து காதடி வரை, நாடிக்குக் கீழே தொண்டை வரை, கரி பூசியது போல ஒரே கறுப்பு. தேசிக்காய் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். கடைசியில் பற்பசை கூடத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பு அப்படியே இருந்தது. அதைச் சுற்றித் தோல் மட்டும் சிவந்தது.

அக்கா கதவைத் தட்டினாள். திறந்தேன். மேலும் கீழும் பார்த்தாள்.

“சட்டிக்குள்ளை முகத்தை விட்டனியே?”

நாளைக்குப் பின்னேரம் ஆபிஸ் மீற்றிங் ஒன்று இருக்கிறது, கமராவில் வர வேண்டும், வெள்ளைத் தாடியோடு எப்படி என்று இழுத்தேன். கத்தி படவில்லைத்தானே என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். அவள் இன்னும் ஏதோ கேட்பாள் என்று நான் காத்து நின்றேன். அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை வந்த ஐயர், தர்ப்பையை என் விரலில் போடும்போது முகத்தைப் பார்த்து, தம்பி கனடாவிலை நாடகம் ஏதும் நடிக்கிறவரோ என்று அக்காவிடம் மெல்லக் கேட்டார். அப்பாவின் படத்துக்கு முன்னால் குந்தியிருந்து பிண்டம் வைத்தேன். ஐயர் அப்பாவின் பெயரைச் சொல்லச் சொன்னபோது, எனக்குத் தாடி கடிக்கத் தொடங்கியது. மை ஒத்துக்கொள்ளவில்லை. தாடிக்கடியில் தோல் முழுக்கப் பொருக்குப் பொருக்காகத் தடித்திருந்தது. கையில் எள்ளும் தண்ணீரும். சொறியவும் முடியாது. கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து ஃபிளாற்று அம்மா அதைப் பார்த்துவிட்டு, தகப்பனில் எவ்வளவு பாசம் என்று தன் கண்ணையும் துடைத்தார். பிறகு ரயில் பாதையைக் கடந்து போய்ப் பிண்டத்தைக் கடலில் விட்டோம். உப்புத் தண்ணீர் முகத்தில் பட்டது. அந்த எரிவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

6

நேர்முகம் சாப்பாட்டு அறையில் நடந்தது. நுகேகொடையில் வாங்கிய கோட்டு மேலே, திவச வேட்டி கீழே. மகள் சொன்னபடி மடிக்கணினிக்குப் பின்னால் மேசை விளக்கை வைத்திருந்தேன். அக்கா பின்பக்கத்து பல்கனிக் கதிரையில் போய் இருந்தாள்.

திரையில் மூன்று பேர். மூன்று பேரும் நல்லவர்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஆரணி படிப்பித்ததை ஒப்புவித்தேன். மூன்றாவதில் தாடி தன் வேலையைக் காட்டியது. முகத்தில் கை வைக்கக் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நாடியை மட்டும் கோட்டுக் கொலரில் உரசினேன். பிறகு மற்றப் பக்கம் உரசினேன். நடுவில் இருந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டு, உங்களுக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள்.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நுளம்பு கடிக்கிறது என்று சொல்லியிருப்பான். நான் உண்மையைச் சொன்னேன். மன்னியுங்கள், அப்பாவின் காரியம், எங்கள் வழக்கப்படி முகம் வழிக்கக் கூடாது என்றேன். மூன்று முகமும் விழுந்துவிட்டன. தங்கள் ஆழ்ந்த அனுதாபம் என்றார்கள். இப்படியான நாளில் உங்களை அழைத்துவிட்டோமே, இன்னொரு நாளுக்கு மாற்றுவோம் என்றார்கள். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது பொய்யாகிவிடும் என்று பயந்து, இல்லை இல்லை, அவர் இறந்து ஒரு வருடம் என்றேன். மூவரும் என் தாடியைப் பார்த்தார்கள். ஒரு வருடமாக வழிக்காத தாடிக்கு அது மிகவும் கட்டை. ஒரு வருடமாகத் துக்கம் காக்கிறவருக்கு அது மிகவும் கறுப்பு. அவர்கள் குழம்புவது எனக்கு விளங்கியது. விளங்கப்படுத்தப் போய் இன்னும் குழப்பினேன். காகத்துக்குச் சோறு வைத்தது வரை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, முந்திய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். விடவில்லை, அவர்கள்தான் என்னை விட்டார்கள் என்றேன். அது ஆரணி படிப்பித்த விடை அல்ல. அறிவிக்கிறோம் என்று சொல்லித் திரை அணைந்தது.

கறுத்த முகத்தோடு அங்கேயே இருந்தேன். எனக்கு ஒரு வேலைக்காகத் தன் நெற்றியைத் துடைத்த மனிதரின் திவசத்தில், ஒரு வேலைக்காகத் தாடியை வழிக்கப் பயந்து மையடித்தவன் நான். அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார் என்று சொல்லி என்னைத் தேற்றலாம். அவர் லேசில் சிரிக்கிற மனிதர் அல்ல.

7

அக்கா பல்கனியில் இருந்து வந்தாள். அவள் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு கிண்ணத்தில் கற்றாழைச் சாறு வைத்திருந்தாள். மேசையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நான் வந்து ஒரு கிழமையிலேயே தனக்குத் தெரியும் என்றாள். மற்ற முறைகளில் வந்தால் ஆபிசில் இருந்து போன் வந்தபடி இருக்கும், சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு ஓடுவேன். இந்த முறை ஒரு போனும் இல்லை. போனை நான் சார்ஜ் பண்ணக் கூட மறந்துவிடுகிறேனாம்.

அப்படியானால் தாடியை வழிக்க ஏன் விடவில்லை என்று கேட்டேன். கேட்டபோது கொஞ்சம் கோபமும் வந்தது.

“நீ கேட்டிருந்தா விட்டிருப்பன். வேலை ஒண்டுக்குப் போறன் அக்கா எண்டு ஒரு சொல்லுச் சொன்னனியே? மீற்றிங் எண்டாய். மீற்றிங் ஒண்டுக்காக அப்பான்ரை விரதத்தை முறிக்கேலாது.”

கற்றாழையைப் பூசினேன். குளிர்ந்தது.

ஒரு கிழமை கழித்து மின்னஞ்சல் வந்தது. வேறொருவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள், என் எதிர்காலத்துக்கு வாழ்த்துகிறார்கள். மனைவிக்கோ மகளுக்கோ அனுப்புவதற்கு முன் எழுந்து குசினிக்குப் போனேன். இதை எழுதும்போது நான் ஸ்காபரோவுக்குத் திரும்பி வந்து மறுபடி விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் எந்த நேர்முகமும் எனக்கு அந்தக் குசினி வாசல் அளவுக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. அக்கா, கிடைக்கவில்லை என்றேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், அப்ப எப்ப திரும்பிப் போறாய் என்று கேட்டாள்.

முப்பது வருடமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் திகதி இருந்தது. விமான நேரம் கூட இருந்தது. அன்று தெரியாது என்று சொன்னேன்.

அக்கா எழுந்து அரிசிப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா போன பிறகு ஒரு வருடமாக ஒரு ஆளுக்குச் சமைத்தவள் அவள். எனக்கு வேலை கிடைக்காததில் உலகத்திலேயே ஒருத்திக்குச் சந்தோசம் என்பதையும், அதை எனக்குக் காட்டாமல் இருக்க அவள் படுகிற பாட்டையும் பார்த்துக்கொண்டு, நான் கறுப்பு இன்னும் முழுதாகப் போகாத முகத்தோடு கதவு நிலையில் நின்றேன்.